உழவாரம் எடுப்போம்: ஊர்க் கட்டடத்தின் வெளிப்புறமும் நம்ம நிலம்தான்

திருக்கோவிலூர்க்காரங்க எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ஒரு மழை இரவு. நனைந்துபோன ஒருவர் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். இன்னொருவர் வந்து கதவைத் தட்டுகிறார். "ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், வாங்க" என்கிறார் முதலாமவர். மூன்றாவதாக ஒருவர் வருகிறார். "இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், வாங்க" என்று அவரையும் உள்ளே அழைக்கிறார்கள். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் சந்தித்தது அப்படித்தான் என்பது வைணவ மரபு. வாசலை ஒட்டிய அந்த நடையைத்தான் நம்ம பக்கம் ரேழி என்கிறோம்.

பக்தி ஒருபுறம் இருக்கட்டும். உழவன் கண்ணோடு பார்த்தால் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் மதிப்பு அதன் வாசலில்தான் தெரியும். முன்பின் தெரியாதவர் மழைக்கு ஒதுங்க இடம் உண்டா? வெயிலுக்கு நிழல் உண்டா? ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமா?

இந்தக் கேள்வியோடு நம்ம ஊர் சமுதாயக்கூடத்தையும், அங்கன்வாடியையும், நூலகத்தையும், ஊராட்சி அலுவலகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பாருங்க. சுவர் உப்புப் பூத்து உரிந்திருக்கும். மூலையில் பார்த்தீனியம் இடுப்பு உயரம் நிற்கும். மொட்டைமாடி விளிம்பில் ஒரு அரசங்கன்று எட்டிப் பார்க்கும். மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்கி அஸ்திவாரத்தை ஊறவைக்கும். இதையெல்லாம் பார்த்து இளைஞர்கள் நாலு பேர் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கிளம்பியதும் என்ன செய்கிறோம்? களைக்கொல்லி அடிக்கிறோம். பெயின்ட் டப்பா வாங்குகிறோம். வாசல் முழுக்க சிமெண்டுக் கல் பதிக்கிறோம். நாற்பது கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

இதை அடுத்தவரைக் குறைசொல்ல எழுதவில்லை. நானும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது கன்று நட்டவன்தான். அடுத்த சித்திரையில் போய் எண்ணினேன். மூன்று நின்றது. என் தோட்டத்தில் ஒரு கத்திரி நாற்று வாடினால் தூக்கம் வராத எனக்கு, ஊர்ப் பொதுவில் முப்பத்தேழு கன்று காய்ந்தது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குப் புரிந்த ஒரே விஷயம்: நம்ம நிலத்தை எப்படிப் பார்க்கிறோமோ, அப்படித்தான் ஊர்க் கட்டடத்தின் வெளிப்புறத்தையும் பார்க்கணும். மண்ணைப் பார்க்கணும், தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்கணும், பருவத்தைப் பார்க்கணும், பிறகுதான் கையை வைக்கணும்.

அப்பர் தோளில் இருப்பது என்ன?

இந்த வேலைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. உழவாரப்பணி. சிவன் கோவில்களில் நால்வர் சிலை இருக்கும். அதில் திருநாவுக்கரசரை அடையாளம் காண்பது எளிது. அவர் தோளில் நீண்ட காம்பும் பட்டையான முனையும் கொண்ட ஒரு கருவி சாய்ந்திருக்கும். அதுதான் உழவாரம், புல் செதுக்கும் கருவி. வாளும் இல்லை, வேலும் இல்லை. களையெடுக்கிற கருவியோடு சிலையாக நிற்கிற பெரியவர் அவர்.

அவர் நம்ம நடுநாட்டுக்காரர். ஏழாம் நூற்றாண்டில் பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர். அவருக்கு முன்பே அவர் அக்கா திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் விடியுமுன் எழுந்து கோவிலைக் கூட்டி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார் என்கிறது பெரியபுராணம். அந்த அக்காவின் விளக்குமாற்றிலிருந்துதான் தம்பியின் உழவாரம் வந்தது என்று சொன்னால் தப்பில்லை. எட்டு வீரட்டானங்களில் திருவதிகை ஒன்று, திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோவில் இன்னொன்று. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அந்தக் கோவிலையும் அப்பர் பாடியிருக்கிறார்.

இன்றைக்கும் தமிழ்நாடெங்கும் உழவாரப்பணிக் குழுக்கள் ஞாயிறுதோறும் கோவில்களில் புல் செதுக்குகின்றன, நந்தவனம் திருத்துகின்றன. அந்த முறையை அப்படியே நம்ம பொதுக்கட்டடங்களுக்கும் கொண்டுவரலாம். கூலி கிடையாது. மேடை, மாலை கிடையாது. செய்தவர் பெயரைச் சுவரில் எழுதுவதும் கிடையாது.

வெளியிலும் இதே பாடத்தைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் 2010 முதல் 'தி அக்லி இந்தியன்' என்ற பெயரில் ஒரு தன்னார்வக் கூட்டம், யார் எவர் என்று காட்டிக்கொள்ளாமல், குப்பை கொட்டுகிற மூலைகளைச் சீர்செய்கிறது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்பதுதான் அவர்கள் கொள்கை. குப்பை மூலையைச் சுத்தம் செய்துவிட்டுச் சும்மா விட்டால் மறுநாளே குப்பை வந்துவிடும். அதே இடத்தில் சுவருக்கு வண்ணம் பூசி, உட்கார ஒரு திண்டு போட்டு, ஒரு செடி வைத்தால் கொட்டுகிறவர் கை தயங்கும். இடத்துக்கு ஒரு பயன் இருக்கணும், அவ்வளவுதான்.

முதலில் கிராம சபை

ஊர்க் கட்டடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்க. ஊராட்சிக் கட்டடம் என்றால் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. "எங்கள் குழு இந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தை ஓராண்டு பராமரிக்கும், தண்ணீர் இணைப்பை ஊராட்சி தர வேண்டும்" என்று எழுதி வாங்கிவிட்டால், நாளைக்கு யாரும் வந்து மரத்தை வெட்ட முடியாது. பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேட்கணும். கோவில் என்றால் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் தொடக்கூடாது.

களையா, மூலிகையா?

சுத்தம் என்றவுடன் களைக்கொல்லி கேன் வந்துவிடுகிறது. "ஒரே நாளில் முடிஞ்சிடும்ணே" என்பார்கள். நம்ம வயலில் தொடாத விஷத்தைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அடிக்கலாமா?

கிளைபோசேட் இலை வழியே உறிஞ்சப்பட்டு வேர்வரை போய்ச் செடியைக் கொல்லும். நல்ல செடி, கெட்ட செடி என்ற பேதம் அதற்குக் கிடையாது. பக்கத்தில் நிற்கும் வேப்பங்கன்றின் மேல் சாரல் பட்டால் அதுவும் போச்சு. மேய்கிற ஆட்டுக்கும் கோழிக்கும் அந்த இடம்தான் மேய்ச்சல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாக மட்டுமே கிளைபோசேட் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கை வெளியிட்டது. உப்புக் கரைசல் அடிப்பதும் வேண்டாம். களை சாகும்; கூடவே மண்ணும் செத்துவிடும்.

வேறு வழி? மழை பெய்து இரண்டு நாள் கழித்து வேலையை வையுங்க. மண் இளகியிருக்கும், வேரோடு வரும். களைக்கொத்து, செதுக்கி, மண்வெட்டி போதும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கணும். கையுறை போடணும், துண்டால் மூக்கைக் கட்டணும். ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். பூக்காத பார்த்தீனியத்தை மட்கவைக்கலாம். பூத்துவிட்டது என்றால் குப்பைக்குழியில் சேர்க்காதீங்க, விதை வயலுக்கே வந்துவிடும். கோரையை மேலே செதுக்கினால் பத்து நாளில் மறுபடி நிற்கும். கிழங்கோடு தோண்டி எடுக்கணும்.

செதுக்கும் முன் ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாங்க. கீழாநெல்லி, மூக்கிரட்டை, துத்தி, தும்பை, குப்பைமேனி எல்லாம் அந்தப் புதரில்தான் நிற்கும். நாம் களை என்பதைப் பாட்டி மருந்து என்பார். நடைபாதையில் இருப்பதை மட்டும் எடுத்து, ஓரத்தில் இருப்பதை விட்டுவிடலாம். செதுக்கிய புல்லைக் கொளுத்தாதீங்க. மரக்கன்றுகளுக்கு அதுதான் மூடாக்கு.

சுவரில் முளைக்கும் ஆல், அரசு, அத்தி எல்லாம் பறவை எச்சத்தில் வந்த விதைகள். விரற்கடை உயரத்தில் இருக்கும்போதே, சுவர் ஈரமாக இருக்கும் நாளில் பிடுங்கினால் சிரமமே இல்லை. தடித்துவிட்டால் இழுக்காதீங்க, செங்கலும் சேர்ந்து வரும். மேலே அறுத்துவிட்டு, வேரைச் சுற்றியுள்ள காரையைக் கொத்தி வேரை முழுதாக எடுத்து, அந்த ஓட்டையைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்கணும். வெட்டிய வேரின் முனையில் பெருங்காயம் வைப்பது நம்ம கொத்தனார்களின் பழைய கைமுறை. வேரோடு வந்த கன்றை எறியாதீங்க. ஒரு பையில் வைத்துத் தேற்றினால் ஏரிக்கரைக்கு ஒரு அரசமரம் ஆச்சு.

சுவருக்குச் சுண்ணாம்பு

பழைய செங்கல் சுவருக்கும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் மூச்சு வேண்டும். மழையிலும் தரையிலிருந்தும் ஏறுகிற ஈரம் வெளியே போக வழி வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று உப்பாகப் பூத்து, ஒருநாள் பெயின்ட்டையும் பூச்சையும் சேர்த்து உரித்துத் தள்ளும். சுண்ணாம்பு அப்படி இல்லை. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. தண்ணீர் சேர்த்தால் நீர்த்த சுண்ணாம்பு. சுவரில் பூசியதும் காற்றில் உள்ள கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லாகிப் போனாலும் அதில் நுண்துளைகள் இருப்பதால் சுவர் மூச்சு விடும்.

செய்முறை: ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்யக்கூடாது. சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் சீறித் தெறிக்கும், கண் போய்விடும். கொதிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளி ஆகாது. பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க. கலக்குகிறவர் கண்ணாடி போட்டுக்கொள்ளணும். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடணும். ஒருநாள் முழுக்க ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் பால் போல வரும். 10 லிட்டர் பாலுக்கு 40 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் கையில் ஒட்டாது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெண்மை கூடும்.

உரிந்த பழைய பூச்சைச் சுரண்டி, சுவரைத் தண்ணீர் தெளித்து ஈரப்படுத்திவிட்டு மெல்லிசாகப் பூசணும். ஒரு பூச்சு மேலிருந்து கீழ், காய்ந்தபின் அடுத்தது குறுக்கே. மூன்று மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட நிற்கும். உச்சிவெயிலில் அடிக்க வேண்டாம், காய்ந்து பொடியாக உதிரும். ஏற்கனவே பிளாஸ்டிக் பெயின்ட் இருக்கும் சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்க முடிந்தால் மட்டும் சுண்ணாம்புக்குப் போங்க. சேறு தெறிக்கிற கீழ் இரண்டடிக்குக் காவிப்பட்டை அடித்தால் அழுக்குத் தெரியாது, பார்க்கவும் லட்சணம்.

பூச்சு பெயர்ந்த இடத்துக்குச் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை போடணும். அந்தக் காலத்தில் அதில் கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்தார்கள். அந்தக் கடுக்காய் நம்ம கல்வராயன் மலையில் விளைகிறது. மலைமக்கள் பொறுக்கிக் கொண்டுவருவதை நாம் கேட்டு வாங்கினால், கூடத்துக்குக் காரையும் ஆச்சு, மலைக்கு வருமானமும் ஆச்சு.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது செங்கல், காரைச் சுவருக்கு. கருங்கல் கோவிலுக்குச் சுண்ணாம்பும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம், மணல் பீச்சவே வேண்டாம். கீழையூர் வீரட்டானேசுவரர் கோவிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தி அதில்தான் வருகிறது. ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றை நாம் இன்றைக்குக் காட்டிப் பேசுகிறோம் என்றால் அந்த எழுத்தும் ஒரு காரணம். ஆர்வக்கோளாறில் ஒரு வாளி ஆசிட் ஊற்றியிருந்தால் ஆயிரம் ஆண்டுச் செய்தி அரைமணி நேரத்தில் போயிருக்கும். கல்லுக்குத் தென்னை விளக்குமாறும் தண்ணீரும் போதும்.

தண்ணீர் எங்கே போகிறது?

ஒரு மழை நாளில் குடையோடு போய்க் கட்டடத்தைச் சுற்றிப் பாருங்க. இதைவிட நல்ல ஆய்வு கிடையாது. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்க.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். நம்ம பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் பெய்கிறது. சிந்தியது சிதறியது என்று கால் பங்கைக் கழித்தாலும் 70,000 லிட்டர் இருக்கும். கன்று காய்ந்துபோச்சு என்று நாம் அழுத இடத்தில்தான் இவ்வளவு தண்ணீர் சுவரை நனைத்துவிட்டு ஓடிப்போகிறது. தமிழ்நாட்டில் 2003லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நிறையக் கட்டடங்களில் குழாய் இருக்கும், குழி தூர்ந்திருக்கும். அதைத் தோண்டிச் சுத்தம் செய்து கூழாங்கல், கருங்கல் சல்லி, மணல் போடுவதே பெரிய புண்ணியம்.

சுவரை ஒட்டித் தரை வெளிப்பக்கம் சரிவாக இருக்கணும். சுவரிலிருந்து இரண்டடிக்குள் பாத்தி வேண்டாம். அதற்கு வெளியே வரப்பு மாதிரி ஒரு அணை கட்டி, தண்ணீரை மரக்குழிகளுக்கும் உறிஞ்சுகுழிக்கும் திருப்பிவிடுங்க. வயலில் மடை திருப்பத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லியா தரணும்! வாசல் முழுக்க சிமெண்டுக் கல் பதித்தால் தண்ணீர் இறங்காது, சித்திரையில் அனலும் அடிக்கும். நடக்கிற பாதைக்கு மட்டும் கல், மற்ற இடத்துக்குக் கிராவல் போதும்.

இதில் அழகு மட்டும் இல்லை. 2024 டிசம்பர் 2 அதிகாலையை இந்தக் கரை மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டது. அந்த மாதிரி நாளில் ஊர் ஓடிப்போய் நிற்கிற இடம் பள்ளிக்கூடமும் சமுதாயக்கூடமும்தான். அந்தக் கூடத்தின் வாசலிலேயே முழங்கால் தண்ணீர் நின்றால் கைக்குழந்தையோடு வருகிறவர் எங்கே போவார்? மூவர் நிற்க இடம் கொடுத்த ஊர் இது. நம்ம கூடத்தின் வடிகால் அடைபட்டுக் கிடக்கலாமா?

மரமும் வேலியும்

நாற்பது கன்று வேண்டாம். நாலு போதும், நாலும் பிழைக்கணும். நிழலுக்குப் புங்கன், வேம்பு, பூவரசு. பூவுக்கும் மணத்துக்கும் சரக்கொன்றை, மகிழம். பிள்ளைகளுக்கு நாவல், நெல்லி. பெரிய மரங்களைச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி நடுங்க. ஆலும் அரசும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஆகவே ஆகாது, அவை ஏரிக்கரைக்கு. சீக்கிரம் பச்சையாகிறது என்று கோனோகார்பஸ் வாங்கிவிடாதீங்க. அதைக் குஜராத் 2023லும் தமிழ்நாடு 2025லும் தடை செய்துவிட்டன.

மூன்றடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, ஆறப்போட்டு, மேல்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பணும். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு நட்டால் கன்று தானே வேர் பிடிக்கும். பக்கத்தில் ஒரு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, அடியில் ஒரு சிறு ஓட்டை போட்டுத் திரி வைத்து, வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பினால் கோடையைத் தாண்டிவிடும். சுற்றிலும் தேங்காய் மட்டை மூடாக்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து ஊற்றுங்க.

வேலிக்கு ஆடாதொடையும் நொச்சியும் வையுங்க. ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே இருக்கிறது. கம்பி வேலியே வேண்டாம். போத்து வெட்டி நட்டாலே தழைக்கும். இதில் இயற்கை உழவர்களுக்கு இன்னொரு லாபம். ஆடாதொடை, நொச்சி, வேம்பு, புங்கன், எருக்கு, இந்த ஐந்து இலையையும் இடித்துக் கோமியத்தில் ஊறவைத்தால் பூச்சிவிரட்டி தயார். எருக்கு எங்கேயும் கிடைக்கும். மற்ற நாலும் கூடத்து வாசலிலேயே நிற்கும். புதிதாக இயற்கைக்கு மாறுகிற தம்பி ஒருத்தர், "இலைக்கு எங்கேண்ணா போறது?" என்று கேட்டால், ஊர்க் கூடத்தைக் காட்டலாம். கவாத்து செய்த மாதிரியும் ஆச்சு, அவருக்கு இலை கிடைத்த மாதிரியும் ஆச்சு.

விளக்குமாறு யார் கையில்?

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். ஊர் வேலையை ஊரே செய்வது நம்ம குடிமராமத்து மரபு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மரபிலும் மண் சுமந்தவர் யார், வரப்பில் நின்று வேலை வாங்கியவர் யார் என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும். மக்கள் தானாகச் செய்வது குறைந்தபோது, 1858ல் சென்னை மாகாண அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே ஆக்கியது. கட்டாயம் என்று வந்தால் அது எப்போதும் எளியவர் தலையில்தான் விடியும்.

இன்றைக்கும் சிரமதானம் என்று அறிவித்தால் என்ன நடக்கிறது? பெண்கள் கூட்டுகிறார்கள், ஊராட்சித் தூய்மைக் காவலர்கள் சாக்கடை அள்ளுகிறார்கள், மற்றவர்கள் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நடந்தால் அது தன்னார்வம் இல்லை. எங்கள் குழுவில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். வேலைகளைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவோம். சாக்கடைச் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு அது. மண்வெட்டியும் கையுறையும் எல்லோருக்கும் ஒன்றுதான். சோறும் ஒரே பந்தியில். முதல் தடவை ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். அப்பர் தோளில் இருக்கிற கருவியைக் காட்டினேன். "பெரியவரே அதைத்தானே தூக்கினார்?" என்றேன். பதில் இல்லை, வேலை நடந்தது.

ஓர் ஆண்டுக் கணக்கு

வைகாசி, ஆனியில் ஊரைக் கூட்டி, மழைநீர்க் குழியைத் தூர்வாருங்க. ஆடியில் மரக்குழி. ஆவணி மழையில் களையெடுப்பும் சுவர்க்கன்று பிடுங்குவதும். புரட்டாசி, ஐப்பசியில் நடவு. கார்த்திகையில் குடையோடு ஒரு சுற்று. மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கூடத்துக்கும் சேர்த்து அடியுங்க. மாசி முதல் சித்திரை வரை ஒரே வேலைதான், தண்ணீர் ஊற்றுவது. அதற்கு இன்ன கிழமை இன்னார் என்று ஆளுக்கொரு நாளாக எழுதி, கூடத்து உள்சுவரில் ஒட்டுங்க. நட்ட நாளுக்கு நூறு பேர் வருவார்கள். சித்திரை பதினைந்தில் குடம் தூக்குகிற ஏழு பேர் யார் என்று தெரிந்துகொண்டுதான் குழி வெட்டணும். ஏழு பேர் கிடைக்கவில்லையா? நாலு கன்றை இரண்டாக்குங்க.

சொல்வது எளிது என்று நினைப்பீங்க. முப்பத்தேழு கன்றைக் காயவிட்டவன் சொல்கிறேன். அதே இடத்தில் அடுத்த ஆண்டு நாலு நட்டோம். முன்பு தப்பியிருந்த மூன்றோடு சேர்த்து ஏழும் இப்போது நிற்கின்றன. போன கோடையில் பேருந்தைத் தவறவிட்ட ஒரு வயதானவர் அந்தப் புங்கன் அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். யாரென்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீர் வேணுமா என்று மட்டும் கேட்டேன்.